ஐம்பத்து நான்கு கற்கள்

வலது கையில் ஐம்பது காசு. இடது உள்ளங்கை தரையில் பதிந்திருக்கிறது. நாணயம் புதிதாகப் பதித்த ஒவ்வொரு தரைக்கல்லையும் ஐந்து இடத்தில் தட்டுகிறது: நான்கு மூலை, பிறகு நடு. அடியில் சிமெண்ட் நன்றாகப் பிடித்திருந்தால் ஓசை கெட்டியாக வரும். காலியாக இருந்தால் டொம் என்று வரும். உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றின் சமையலறையில் மொத்தம் ஐம்பத்து நான்கு கற்கள். சன்னலோரத்தில் ஒன்று டொம் என்கிறது. கை நின்றுவிடுகிறது.

'எல்லாமே போச்சு. உனக்கு எந்த வேலையும் வராது' என்கிறது மாசிலாமணியின் மனம். அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்து அந்தக் கல்லில் மட்டும் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். அடுத்த கல்லைத் தட்டுகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்பென்றால் உளியை எடுத்திருப்பார். மணல் சுமக்க வந்து, பிறர் கையைப் பார்த்தே கல் பதிக்கக் கற்றவர். அந்த வருடம் தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. எதைத் தட்டினாலும் காலியாகவே கேட்டது. ஒரே நாளில் பத்தொன்பது கற்களைப் பெயர்த்துப் போட்டார். சூப்பர்வைசர் மாணிக்கம் வந்து பார்த்தார்.

"யோவ், கல்லு பதிக்கச் சொன்னா பொதையல் தேடுறியா?" என்றவர், மாசிலாமணியின் முகத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழம என்கூட வா."

இன்னொரு முறை இப்படி நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொன்னார். மாணிக்கம், இவர் தன் பொறுப்பு என்றார். அதை மாசிலாமணி இன்றுவரை மறக்கவில்லை.

அந்த ஞாயிறு, சிராங்கூன் ரோட்டுப் பக்கம், வெளிநாட்டு ஊழியர்களுக்கான கிளினிக். மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆலோசகர் யாமினி கேட்டார்: "பேத்த கல்லுல எத்தன உண்மையாவே காலியா இருந்துச்சுண்ணே?"

அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"இனிமே உடனே உடைக்காதீங்க. மார்க் பண்ணி வைங்க. மறுநாள் தட்டிப் பாருங்க."

முதல் வாரம் பதினோரு குறி. மறுநாள் தட்டியபோது அவற்றில் இரண்டுதான் காலி. பிறகு ஒரு நோட்டில் எண்ணங்களையும் எழுதிக் குறி போட்டார். 'சுசீலா போன் எடுக்கவில்லை. அவளுக்கு நான் பாரம்.' மறுநாள் மனைவி சொன்னாள்: "ரேஷன் கடையில நின்னேங்க, போனு வீட்ல கெடந்துச்சு. ஓடிப் போயிட்டேன்னு நெனச்சீங்களாக்கும்?" பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

குறிகள் இன்னும் விழுகின்றன. சில வாரம் நோட்டில் பக்கம் போதாது. மறுநாள் வரை காத்திருப்பதே பெரும்பாடு. ஆனால் காத்திருக்கிறார்.

சன்னலோரக் கல் மறுநாளும் டொம் என்கிறது. அதை மட்டும் பெயர்த்து வேறு கல் பதிக்கிறார்.

வெள்ளிக்கிழமை வீட்டு உரிமையாளர் தாரணி வருகிறார். மாணிக்கம் வாசலிலேயே நின்றுகொள்கிறார்.

"எல்லாம் ஓகே லா, அண்ணே?" என்று மாசிலாமணியிடம் கேட்கிறார் தாரணி.

மாசிலாமணி சன்னலோரக் கல்லைக் காட்டுகிறார். "ஒரு கல்லு சரியில்ல மேடம், மாத்திட்டேன். மத்த அம்பத்து மூணும் நல்லா வந்திருக்கு."

"அப்பாடா, நல்லா வந்திருக்குன்னு அவன் வாயால வந்துருச்சு!" என்கிறார் மாணிக்கம்.

"நீங்களே தட்டிப் பாருங்க மேடம்." வீட்டுச் சாவியையும் அந்த ஐம்பது காசையும் சேர்த்து தாரணியின் உள்ளங்கையில் வைக்கிறார் மாசிலாமணி.