இரண்டு பேர் பேசிய பாஷையில் ஒரு சொல்

உலகத்திலேயே இரண்டு பேர் மட்டும் பேசிய பாஷை ஒன்று திண்டுக்கல்லில் இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில், தோல் மண்டிக்கு மேலே ஒரே அறையில் குடியிருந்த நானும் என் அறைத்தோழனும் அதைக் கட்டினோம். வீட்டுக்காரர் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பார். அவருக்குப் புரியக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். முப்பது சொல் தேறியிருக்கும். பாதி அவரைத் திட்டுவதற்கு.

அதில் என் பங்கு ‘கிம்மு’. ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது. செத்தேன் என்று முடிவுகட்டி, பாதி முகம் சோப்பு நுரையோடு, கடைசி வார்த்தையாக உருப்படியாக எதையாவது சொல்ல வாயைத் திறந்தேன். ‘கிம்’ என்றுதான் வந்தது.

“ஏலே, சாகுறவன் பேசுற பேச்சா இது?” என்று அறைத்தோழன் சிரித்தான். ஆனால் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அரைமணி கழித்தும் நான் சாகவில்லை.

அன்றிலிருந்து அது வினைச்சொல். கிம்முது என்றால் பயம் வருகிறது. கிம்மிருச்சு என்றால் வந்தேவிட்டது. கிம்மா என்றால், வந்து உட்கார். கேட்டவன் ‘என்ன ஆச்சு’ என்று விசாரிக்கக்கூடாது, உட்கார மட்டும் செய்யவேண்டும், இது சட்டம். மாதம் இரண்டு முறையாவது செத்தேன். ஒவ்வொரு சாவுக்கும் சட்டப்படி உட்கார்ந்தான்.

பிறகு அவனுக்குக் கல்யாணமாகி, மாமனாரின் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்ள நத்தத்துக்குப் போய்விட்டான். அறை முழுவதும் எனக்கே. சுவரிடம் கிம்மா சொல்லிப் பார்த்தேன், சுவர் உட்காரவில்லை.

மறு வருடம் ஒரு மதியம், மண்டியில் வேலையாக இருக்கும்போது கிம்மிருச்சு. முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நத்தம் பஸ் ஏறினேன். சாகப்போகிறவன் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டேன் என்பதையும் மறைப்பானேன்.

தோப்பில் மாமனாரும் ஆட்களும் காய்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்து வந்தான். தாழ்ந்த குரலில், “கிம்மா” என்றேன்.

புரிந்தது, முகத்தில் தெரிந்தது. மாமனாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“வாங்க, வாங்க. என்ன ஆச்சு? ஒடம்புக்கு முடியலையா?”

“யாரு மாப்ள?” என்றார் மாமனார்.

“திண்டுக்கல்ல தெரிஞ்சவரு, மாமா.”

“எனக்கு ஒண்ணுமில்ல,” என்றேன். நெஞ்சு சட்டைக்கு வெளியே வந்துவிடும்போல் இருந்தது. “மாங்கா வாங்கலாம்னு வந்தேன்.”

அவனே ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கூடை நிரப்பிக் கொடுத்தான்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் என் மடியைப் பார்த்தார். “ஏன் அப்பு, அம்புட்டும் வீட்டுக்கா?”

“ஆமாய்யா, பெரிய குடும்பம்.”

பழுக்கப் பழுக்க ஒன்பது நாள் தின்றேன்.