தீட்டுப்பட்ட தட்டுகள்

பிரமிளாவின் தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் குடிநீரையும் ஐஸ்கட்டியையும் சோதித்துச் சொல்லும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில், பாக்டீரியாவுக்குச் சோறு சமைக்கிறவள் அவள். ஆறினால் கூழாய் உறையும் அகார் தூளைத் தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் வேகவைத்து, கை தாங்கும் சூட்டுக்குப் போத்தலை ஆறவிட்டு, சோதனைத் தட்டின் மூடியைக் கொஞ்சமே தூக்கி ஊற்ற வேண்டும். சோதனைக்கு முன்பே தட்டில் ஏதாவது முளைத்துவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

ஒரு நாள் அப்படித்தான் முளைத்திருந்தது. பூசணம் பூத்த தட்டுகளைப் பார்த்ததும் மூத்த டெக்னீஷியன் கார்த்திகேசு குரலைத் தாழ்த்தினார். பிரமிளாவின் அம்மா வளர்ந்த அதே கோப்பெங் எஸ்டேட்டில், அதே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர். இவளுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

"ஏம்மா, நேத்து பெனடோல் மாத்திரை கேட்டியே. வீட்டுக்குத் தூரமா?"

"ஆமாண்ணே. வயித்து வலி. அதுக்கென்ன?"

"அதான்லா. அந்த நேரத்துல ஊத்துற ரூமுக்குள்ள போனா எப்படிச் சுத்தமா வரும்?"

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அறையைக் குளிர வைக்கும் ஏர்கோன் மூடியிலிருந்து சொட்டிய அழுக்குத் தண்ணீரை அவள் காட்டினாள். ஏர்கோனைக் கழுவினார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. மாதாமாதம் அந்த நாள் வந்ததும் கார்த்திகேசுவிடம் போய்ச் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டுப் பின்கட்டில் போத்தல் கழுவ வேண்டுமாம். கல்லூரியில் டிப்ளோமா வாங்கியவள், தன் உடம்பின் கணக்கை ஓர் ஆம்பிளையிடம் ஒப்புவிக்க வேண்டும்! அதற்கு மேல், வெள்ளிக்கிழமை தோறும் அவர் அம்மன் கோயில் தீர்த்தத்தைப் பித்தளைச் சொம்பில் கொண்டுவந்து, பிரமிளா துடைத்து வைத்த மேசையைச் சுற்றி வேப்பிலையால் தெளித்தார். வெள்ளிக்கிழமைத் தட்டுகளில் சுருக்கம் விழுந்த வெள்ளை வட்டங்கள் முளைத்தன. முளைக்க முளைக்க அவர் இன்னும் அதிகமாகத் தெளித்தார். பழி மட்டும் இவள் தலையில் விழுந்தது.

மேலாளர் மிஸ் சூங்கிடம் போய் முறையிட்டாள். அவள் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அது உங்க கல்ச்சர். நான் தலையிட முடியாது. ஆனா பிளேட் இப்படியே கெட்டுக்கிட்டிருந்தா, உன்னைப் போத்தல் கழுவுற வேலைக்கே மாத்திடுவேன்."

கல்ச்சர்! இந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லுக்குக் கிருமி வளர்ப்பு என்கிற ஒரே அர்த்தம்தான் என்று பிரமிளா நினைத்திருந்தாள். தட்டில் வளர்ந்தால் இன்குபேட்டர் என்கிற கதகதப்பான பெட்டியில் வைத்து எண்ணுகிறார்கள். மனிதன் தலைக்குள் வளர்ந்தால் மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போகிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சொம்புத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துச் சுத்தமான தட்டில் தடவி இன்குபேட்டரில் வைத்தாள். மறுநாள் தட்டில் இடமே இல்லை. அதே வெள்ளை வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன.

"பாருங்கண்ணே. உங்க தீர்த்தம்."

கார்த்திகேசு பார்த்தார். முகத்தில் பரவசமே வந்துவிட்டது. "சாமி தண்ணிம்மா. உயிர் இல்லாமலா இருக்கும்?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தட்டைப் பார்த்த மிஸ் சூங் சொம்புக்குத் தடை போட்டாள். பிரமிளாவிடம் மட்டும், "அந்த நாள்ல நீ போத்தல் கழுவு. அவர் மனசு நோக வேணாம்," என்றாள். யார் மனசு நோக வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

அந்த நாள் வந்தது. பிரமிளா யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பு வலியோடு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, ஆறிய போத்தலைச் சாய்த்து, தட்டுத் தட்டாக ஊற்றினாள். உறைந்ததும் கவிழ்த்து அடுக்கி இன்குபேட்டரில் வைத்தாள்.

காலையில் பார்த்தால் ஒரு தட்டிலும் ஒரு புள்ளிகூட இல்லை. மிஸ் சூங் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். "இனிமே நீயே ஊத்து," என்றாள்.

"எல்லா நாளுமா? அந்த நாள்லயுமா?"

"எல்லா நாளும்." மன்னிப்பு என்கிற சொல் அந்த அறைக்கு வரவே இல்லை.

மிஸ் சூங் போனதும் கார்த்திகேசு உள்ளே வந்து ஒரு தட்டின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "பார்த்தியா? இவ்ளோ நாள் தெளிச்சதுக்குப் பலன். ரூம் சுத்தமாயிருச்சு."

"அண்ணே, நேத்து ஊத்தினப்ப நான் வீட்டுக்குத் தூரம்."

தட்டு சுட்டதுபோல் அதை மேசையில் வைத்தார். பதற்றத்தில் பெருவிரல் அகாரில் பதிந்துவிட்டது. விரலைச் சட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

பிரமிளா அந்த ஒரு தட்டை மட்டும் எடுத்துக் குப்பையில் போட்டாள். அவர் விரல் பட்டுவிட்டதே.