லாரி நிறுத்துமிடமும் அந்தப் பொறியாளரும்

ஓசூரில் லாரி நிறுத்துமிடத்தை எங்கே அமைப்பது என்று கருத்துக் கேட்கும் கூட்டம் அது. எங்கள் தெருவை ஒட்டி வந்துவிடுமோ என்ற அச்சத்தில் நானும் சென்றிருந்தேன். திட்டப் பொறியாளரான அந்தப் பெண்மணி, ஊரின் சாலைகளையும் ஆலைகளையும் குடியிருப்புகளையும் கணினிக்குள் அமைத்து வைத்திருந்தார். ஒல்லியான உருவம், கசங்கிய பருத்திப் புடவை. கேள்வி கேட்பவர் பக்கம் கணினியைத் திருப்பி வைத்து, தமிழோ தெலுங்கோ கன்னடமோ, கேட்டவர் பேசிய மொழியிலேயே பதில் சொன்னார்.

“ஏம்மா, உன் பொட்டி சொன்னா லாரி ஒதுங்கிக்குமா?” என்று ஒருவர் சீண்டினார்.

“ஒதுங்காதுங்கண்ணா. எங்க வந்து அடைச்சுக்கும்னு முன்னாடியே காட்டிடும்.”

நிறுத்துமிடத்தை ஒவ்வோர் இடமாகத் திரையில் வைத்துக் காட்டினார். எங்கள் தெருப் பக்கம் வைத்தபோது, ஆலைப் பேருந்துகள் செல்லும் சாலை முழுவதும் நெரிசலால் சிவந்தது. ராயக்கோட்டை சாலையில் வைத்தபோதுதான் சிவப்பு குறைந்தது.

“அங்க குடியிருக்கறவங்க சும்மா விடுவாங்களா?” என்றேன்.

“எங்க வீடே அங்கதாங்கய்யா. எங்கம்மாதான் மொத ஆளா சண்டைக்கு வருவாங்க,” என்று சிரித்தார். அந்த இடத்தையே பரிந்துரைத்துவிட்டு அமர்ந்தார்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். தெரு தப்பிய மகிழ்ச்சி என்றே அருகிலிருந்தோர் எண்ணியிருப்பார்கள். எங்கள் ஊரில் இப்படியும் ஒருவர் இருக்கிறாரே என்றுதான் தட்டினேன்.