நன்றாக எழுதப்பட்ட பால்துரை

பால்துரையைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் நியூ ஜெர்சி மாநிலத்திலேயே கிடையாது. அப்படி யாரும் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் பதினோரு வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நாசரேத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி படித்து, 1974-ல் அமெரிக்கா வந்தவர். கார்ஃபீல்டில் ஒரு பெயிண்ட் ஃபேக்டரியின் லேபில் வேலை. ஞாயிறு சாயங்காலம் கூடும் தமிழ் ஜெபக்கூட்டத்துக்குச் செயலாளர். யாருடைய மாமியார் கென்னடி ஏர்போர்ட்டில் வந்து இறங்கினாலும் வாசலில் காரோடு நிற்பவர் பால்துரைதான். சொந்த மாமியார் வந்த அன்றைக்கு மட்டும் வேறு யாருடைய மாமியாரையோ வழியனுப்பப் போயிருந்தார். அதை அவர் மனைவி கிருபாராணி அவ்வப்போது, தேதி கிழமையோடு எடுத்துச் சொல்வாள்.

ஃபேக்டரியில் அவருக்கு இருந்த ஒரே நண்பன் ஷ்டெஃபான். செக்கோஸ்லோவாகியாவுக்குள் ரஷ்ய டாங்கிகள் நுழைந்த வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்த ஸ்லோவாக்கியன். பெயிண்ட் கலக்கும் தொட்டிகள் அவன் பொறுப்பு. 1985 ஏப்ரலில் ஒரு நாள் மேனேஜர் ஹார்ட்லி லேபுக்குள் வந்து பால்துரையின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதைப் பார்த்த ஷ்டெஃபான், "நீ டோப்ரே ஸபீசனீ" என்றான்.

அர்த்தம் கேட்டதற்கு, நல்ல பேர் எடுத்தவனை அவர்கள் பாஷையில் அப்படிச் சொல்வார்கள், நேராகச் சொன்னால் 'நன்றாக எழுதப்பட்டவன்' என்று வரும் என்றான்.

எழுதப்பட்டவன்! பால்துரைக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. டைரியை எடுத்து, தமிழ் எழுத்தில் அதைக் குறித்துக்கொண்டார். மேனேஜர் ஏதோ ஃபைலில் தன்னைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார், இவனுக்கு அது தெரிந்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அதையே சாட்சியாகச் சொன்னார். ப்ரமோஷனா பிரதர் என்று கூட்டத்தில் இருந்த ரூஃபஸ் கேட்டபோது, ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், தாழ்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. புதன்கிழமைக்குள் எடிசன்வரைக்கும் உள்ள தமிழர் வீடுகளில் அவர் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆகிவிட்டார்.

ஆகஸ்டில் ஹார்ட்லி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். குழந்தைத் தொட்டில் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வெள்ளை பெயிண்ட் போக வேண்டும். அதில் விஷமான ஈயம் எவ்வளவு என்று பார்க்கிற மெஷின் ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தது. வெளியே கொடுத்துப் பார்க்கப் பத்து நாள் ஆகும். லாரியோ வெள்ளிக்கிழமை வருகிறது. சோதனை முடிந்ததாகத் தாளில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

"உன் கையெழுத்து இருந்தால் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள், பால். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்" என்றார் ஹார்ட்லி.

முதலில் பால்துரைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டால் பேப்பரில் பேர் வருமே என்ற நினைப்பு அதற்குப் பிறகு வந்தது. அந்தப் பேப்பரை ரூஃபஸ் படிப்பாரே என்பது அதற்கும் பிறகு. தொட்டிலில் படுக்கப்போகிற குழந்தைகள் கடைசியாகத்தான் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் போகவில்லை. அவருடைய மகள் ஜெபராணி பல் முளைக்கிற வயதில் தொட்டிலின் மேல்கட்டையைக் கடித்துக் கடித்து மரம் தெரியும்படி ஆக்கியிருந்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கேன்டீனில் ஷ்டெஃபானிடம் விஷயத்தைச் சொன்னார். இத்தனை நல்ல பேரை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று புலம்பினார். ஷ்டெஃபான் ரொட்டியை மென்று முடித்தான்.

"நீ அதில் பாதியைத்தான் எழுதிக்கொண்டாய். அதோடு 'உ கோஹோ' என்றும் கேட்க வேண்டும். யாரிடம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறாய்?" என்றான்.

மறுநாள் பால்துரை தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார். சோதனை செய்யாமல் கையெழுத்துப் போட முடியாது சார் என்றார். ஹார்ட்லி கோபப்படவில்லை. புன்னகையோடு தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து பால்துரைக்கு லாரி ஏற்றும் இடத்தில், டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை.

இந்தச் செய்தி எடிசனுக்குப் போய்ச்சேர புதன்கிழமைகூட ஆகவில்லை. டெஸ்ட் பேப்பரில் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டாராம் என்று அது போய்ச்சேர்ந்தது. ரூஃபஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சோதனை எல்லாருக்கும் வர்றதுதான், பிரதர்" என்று ஆறுதல் சொன்னார். சோதனையே நடக்கவில்லை, அதுதான் பிரச்சினை என்று பால்துரை விளக்கினார். விளக்க விளக்கக் கேட்கிறவர்கள் கண்ணில் இரக்கம்தான் கூடியது. டிசம்பரில் ரூஃபஸ் ஏகமனதாகச் செயலாளர் ஆனார். நன்றியுரை சொல்லும் வேலையைப் பால்துரைக்குக் கொடுத்தார்கள். சொன்னார்.

அடுத்த மே மாதம் அந்த டப்பாக்கள் அத்தனையும் திரும்பி வந்தன. தொட்டில் கம்பெனி தானே சோதித்துப் பார்த்திருந்தது. ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. ஹார்ட்லி குடும்பத்தோடு அதிக நேரம் செலவிடுவதற்காக வேலையை விட்டார். அவர் இடத்துக்கு வந்த மிஸஸ் டிலன் பழைய ஃபைல்களைப் புரட்டிவிட்டுப் பால்துரையைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் டை கட்டிக்கொண்டு போனார்.

அவள் இரண்டு விஷயம் சொன்னாள். நாளையிலிருந்து அவர் மறுபடி லேபுக்கு வரலாம். அதோடு, தவறு நடப்பது தெரிந்தும் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதாமல் ஒன்பது மாதம் சும்மா இருந்ததற்காக, இந்த எச்சரிக்கைக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பால்துரைக்குச் சுருக்கென்றது. தன் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்ட கையோடு பெயிண்டை மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெயிண்ட் அடித்த தொட்டில் ஏதாவது விற்றுப்போய்விட்டதா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை, டப்பாக்கள் இத்தனை நாளும் அவர்கள் குடோனில்தான் கிடந்தன, அடிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள் என்றாள். அவர் கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் கிருபாராணி கடிதத்தைச் சமையலறை மேஜையில் வைத்து, வரி விடாமல் இரண்டு தடவை படித்தாள்.

"இதுல எழுதியிருக்கறது சரிதானேங்க?"

"சரிதான்."

"அப்ப பத்திரமா வைங்க. பாஸ்போர்ட் இருக்கற டிராயர்ல."

அவர் வைத்துவிட்டு வந்தார். அவள் மீன் குழம்பை இறக்கிவிட்டு ஜெபராணியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஹாலில் ஃபோன் அடித்தது. பால்துரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சோற்றில் கை வைத்தார்.