சீம்பால் வேண்டாம் என்றேன்

கன்று ஈன்ற வீட்டுக்கு மறுநாள் போனால் சீம்பால் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் மாட்டு டாக்டராக இருப்பதில் அது ஒரு வசதி. வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, கட்டியானதும் துண்டு போட்டு டப்பாவில் கொடுப்பார்கள். நான் ஒரு தனியார் பால் கம்பெனியின் வண்டியில் ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடு பார்க்கிறவள். கம்பெனிக்குப் பால் ஊற்றும் வீடுகளில் மாட்டுக்கு ஏதாவது என்றால் எனக்கு போன் வரும். வைத்தியத்துக்குத் தனியாகக் காசு கிடையாது. அதனாலேயே ஜனங்களுக்கு மனசு கேட்காது. கத்தரிக்காய், முருங்கைக்காய், உளுந்து எடுக்கிற சமயத்தில் ஒரு படி உளுந்து என்று எதையாவது வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் என் கணவர், "வைத்தியம் பார்க்கப் போனியா, சந்தைக்குப் போனியா?" என்பார்.

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளர்களிடம் ஊழியர்கள் எதையும் வாங்கக் கூடாது. வண்டிக் கதவிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: "எங்கள் ஊழியர்களுக்குப் பணமோ பொருளோ தர வேண்டாம்." கூட வேலை பார்க்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு கத்தரிக்காயில் என்ன லஞ்சம் வந்துவிட்டது என்றார்கள். நான் மட்டும் மீட்டிங்கில் எழுந்து இது சரியான உத்தரவு என்றேன். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலிருந்து போன் வந்தால் எங்கள் டிரைவரின் கை எந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பும் என்று எனக்குத் தெரியும். கொடுக்கிற வீட்டு மாடு முதலில் பிழைக்கும், கொடுக்க வழியில்லாத வீட்டு மாடு காத்திருக்கும். இது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒன்றைச் சரி என்று நினைத்துவிட்டால் அதில் வளைந்து கொடுக்க எனக்கு வராது. இதற்கு என் அம்மா வைத்திருக்கும் பெயர் திமிர்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும் ஒரு போன். கன்றின் தலை தெரிகிறது, வெளியே வரவில்லை. அந்த ஊரில் வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் மிராசு வீடுகளும் கடைகளும், அந்தப் பக்கம் காலனி. போன் காலனியிலிருந்து. நடவுக்கும் களை எடுக்கவும் போகிற ஒரு அக்கா. கணவர் இல்லை. மகள் தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு ஒற்றைப் பசுவின் மடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதை அவரே என்னிடம் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. தோள் வரை கையை விட்டுக் காலை நிமிர்த்தி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அந்த அக்கா சேற்றில் முழங்காலிட்டு, பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். கிடேரி, பெண் கன்று. அது தள்ளாடி எழுந்து நின்றதும் அவர் அழுதார், நானும் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். கன்றுக்கு வயிறு நிறையச் சீம்பால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் நஞ்சுக்கொடி ஒழுங்காக விழுந்ததா என்று பார்க்கப் போனேன். விழுந்துவிட்டது. அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டியும் விட்டிருந்தார். கை கழுவிவிட்டு நிமிர்ந்தால் எதிரே ஒரு எவர்சில்வர் டப்பா. புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு.

"கன்னுக்குக் குடுத்துட்டு மிச்சத்துலதாம்மா செஞ்சேன்," என்றார் முன்கூட்டியே. என் வாயில் அந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வேணாங்க்கா. கம்பெனியில எதையும் வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தா, கதவுல கூட ஒட்டியிருக்கு பாருங்க."

அவர் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. மற்ற வீடுகளில் இப்படிச் சொன்னால் ஒரு போராட்டமே நடக்கும். "அதெல்லாம் கெடக்கு, புடிங்க" என்று கையைப் பிடித்துத் திணிப்பார்கள். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகப் போடுவார்கள். இவர் ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை. டப்பாவை மெல்ல மூடினார்.

"சரிம்மா. வாங்க மாட்டீங்கன்னு தெரியும். கேக்காம இருக்கப்படாதுன்னு கேட்டேன்."

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த 'தெரியும்' என்னைக் குத்தியது. நான் நீடாமங்கலம் பக்கத்தில் நிலமுள்ள வீட்டுப் பெண். இந்த வட்டாரத்தில் அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது. என் அப்பா அறுப்புக்கு ஆள் கூப்பிடக் காலனிக்குப் போவார். வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர்களும் கொடுக்க மாட்டார்கள், பெட்டிக்கடையில் சோடா வாங்கி வந்து அவர் கண் முன்னால் உடைத்துக் கொடுப்பார்கள். வெளியே சொல்லப்படாத ஏற்பாடு அது. என்னை அந்த வரிசையில் சேர்த்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, அப்பா மேலா, ஸ்டிக்கர் மேலா என்று தெரியவில்லை.

இறங்கிப் போய் வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்தால் நாளைக்கு அடுத்த வீட்டில் என்ன சொல்லி மறுப்பது? சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

பசுவுக்குக் கால்சியம் மருந்து தர வேண்டியிருந்தது. மருந்துப் பெட்டியைக் கடைத்தெருவில் இருக்கும் பால் நிலையத்தில் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு வருகிறேன், பாலத்துக்கிட்ட நில்லுங்கள் என்று அந்த அக்காவிடம் சொல்லியிருந்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்புகிற வழியில் பெரிய மிராசு வீட்டில் ஒரு மாட்டுக்கு ஊசி. அங்கே பெரியவர் ஒரு வாழைத்தாரைக் காட்டினார். நான் உத்தரவைச் சொன்னேன். "அது ஒங்க கம்பெனிக்கும்மா. நமக்குள்ள என்ன?" என்று சிரித்தார். நமக்குள்ள என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு முடியவே முடியாது என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக் குழாயில் கை கழுவப் போனேன்.

பாலத்தருகே அந்த அக்கா முந்தானையைத் தலையில் போட்டபடி தூறலில் நின்றிருந்தார். மருந்தை எடுக்க டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். மருந்துப் பெட்டியின் மேல் வாழைத்தார் கிடந்தது. நான் கை கழுவிய நேரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். டிரைவர் என்னைப் பார்க்காமல் தாரை நகர்த்திவிட்டு பாட்டிலை எடுத்தார்.

"தார் நல்லா வெளைஞ்சிருக்கும்மா," என்றார் அந்த அக்கா. குரலில் குத்தல் எதுவும் இல்லை.

"அக்கா, நான் வாங்கலைக்கா. எனக்கே தெரியாம வச்சிருக்காங்க."

"இருக்கட்டும்மா. பெரிய வீடு. வேணாம்னு சொல்ல முடியுமா?"

மருந்தை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார். நான் வண்டியைத் திருப்பச் சொல்லி, தாரை அந்த வீட்டு வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்தேன். பெரியவருக்கு முகம் சிறுத்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. ஆனால் பார்க்க வேண்டியவர் அதைப் பார்க்கவில்லை. காலனிக்குப் போய், தாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்வதற்கும் வாய் வரவில்லை. என்ன சொன்னாலும் என் யோக்கியதைக்குச் சாட்சி தேடுவதாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. மாடு நன்றாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பால் நிலையத்தில், அந்த அக்கா பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். கன்று போட்ட மாடு, பால் பெருகுகிற நேரம். எனக்குச் சுருக்கென்றது. உடனே போனேன்.

பசுவின் மடி ஒரு பக்கம் கல்லாக வீங்கியிருந்தது. கற்றாழையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தார். பூசியது தப்பில்லை, பல மாடுகளுக்கு அதிலேயே குணமாகியிருக்கிறது. இது அதைத் தாண்டிப் போய்விட்டது. பீய்ச்சிப் பார்த்தேன். ஒரு காம்பில் பாலுக்குப் பதிலாகச் சீழும் ரத்தமும் வந்தன. மற்ற மூன்றையும் காப்பாற்றிவிடலாம். அந்தக் காம்பு போனது போனதுதான், இனி அதில் பால் வராது. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் இரண்டு ஊசியில் சரியாகியிருக்கும்.

"ஏன்க்கா போன் பண்ணலை?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "போன் பண்ண என்ன? வண்டி இதுக்குத்தானே ஓடுது?"

அவர் கன்றின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

"சும்மா சும்மா எப்படிம்மா கூப்புடுறது? அன்னைக்கே அவ்வளவு பாடுபட்டீங்க. ஒரு வாய் சீம்பால்கூட ஒங்களுக்குக் குடுக்கல. மறுபடியும் வாங்கன்னு சொல்ல என்னமோ மாதிரி இருந்துச்சு."

கொடுக்க முடியாதவர்கள் பின்னால் தள்ளப்படக் கூடாது என்றுதான் அந்த உத்தரவுக்காக நான் வாதாடினேன். இவருக்கோ அந்த டப்பாதான் மறுபடியும் என்னைக் கூப்பிடுவதற்கான தைரியம். மிராசு வீட்டுக்காரருக்கு அது தேவையில்லை. அவர் எதுவும் கொடுக்காவிட்டாலும் அதட்டிக் கூப்பிடுவார். உத்தரவு எல்லாருக்கும் ஒன்றுதான், இழந்தது இவர் மட்டும். இப்படி எழுதுவதால், வாங்கிக்கொள்வதே சரி என்று சொல்ல வரவில்லை. வாங்க ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. மீட்டிங்கில் எழுந்து பேசிய நானா இது என்று இருக்கிறது.

ஊசி போட்டு, மடியில் மருந்து ஏற்றி முடித்தேன். தினமும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன் என்றேன். தலையாட்டினார். அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. உத்தரவாவது மண்ணாங்கட்டியாவது.

"அக்கா, தாகமா இருக்கு. குடிக்கத் தண்ணி குடுங்க."

அவர் முகம் மாறியது. சந்தோஷமா பதற்றமா என்று சொல்ல முடியவில்லை. "இருங்கம்மா, இருங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். வாசலில் தண்ணீர்க்குடம் இருந்தது, அதன் மேல் ஒரு சொம்பு கவிழ்த்திருந்தது. அவர் குடத்தைத் தாண்டி, தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. ஈரத்தை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"பயப்படாமக் குடிங்கம்மா. இப்பதான் வாங்குனது. சீல்கூடப் பிரிக்கலை."