அண்ணனுக்குப் படித்துக் காட்டிய படம்

அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷமாக அவளுக்கு வாசிக்கிற வேலை. எழுதியவர் கொடுத்த தாளை அவள் வாய்விட்டுப் படிப்பாள். எதிரில் இருப்பவர் அச்சான தாளோடு ஒப்பிட்டுப் பிழை பார்ப்பார். கமா வந்தால் "கமா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்கு நகர்வாள். சொந்தச் சரக்காக ஓர் எழுத்தைக்கூடச் சேர்த்ததில்லை. எல்லோருக்கும் அவள் வாசிப்பக்கா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வாய்க்கு விடுமுறை. தொலைக்காட்சியில் பிரெஞ்சுப் படம் போடுவார்கள். அடியில் தமிழில் வரி ஓடும். அடிதடி கிடையாது, ஒப்பாரி கிடையாது. ஒருத்தி ஜன்னலோரம் நின்று கையுறையைக் கழற்றவே இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் அவள் மனசில் இருப்பவன் யார், அவனை ஏன் கட்டிக்கொள்ள முடியாது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். கல்யாணமாகாமலே ஐம்பத்தாறைத் தொட்ட வாசிப்பக்காவுக்கு அதில் அப்படியொரு சுகம்.

அந்த வாரம் சோபாவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் அறுவை முடிந்து கட்டு, இடது கண்ணில் புரை, திரையில் வெறும் மங்கல்தான் தெரியும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் எங்கோ தூரத்தில். பத்து நாள் பார்த்துக்கொள்ளத் தங்கையை விட்டால் நாதியில்லை. இந்த அண்ணன்தான் முப்பது வருஷத்துக்கு முன் அச்சகத்து வாசலில் ஊரைக் கூட்டி, அவள் விரும்பிய, அங்கே புத்தகம் ஒட்டித் தைக்கிற பைண்டரை வாய்க்கு வந்தபடி பேசி விரட்டியவர். வேறு சாதி வீட்டுப் பையன், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். மறுநாள் முதல் அவன் வேலைக்கு வரவில்லை. அண்ணன் அதற்காக ஒரு வார்த்தை வருத்தப்பட்டதில்லை. தங்கை மறந்துவிட்டாள் என்று நினைத்தார். அவளா மறப்பாள்! அன்று அவர் பேசியது கமா பிசகாமல் அவள் தலைக்குள் கிடந்தது. ஒரே ஒரு தடவை அதை அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய வாழ்நாள் ஆசை.

"என்ன பாப்பா, ஒருத்தனும் பேசவே மாட்டேங்கிறான்?" என்றார் அண்ணன்.

"பேசுவாங்கண்ணா. நான் படிச்சுச் சொல்றேன்."

படத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரனின் தங்கை. அவள் விரும்புவது படகு பழுதுபார்க்கிறவனை. அவன் வேறு மதம். பாதிப் படம்வரை வாசிப்பக்கா ஒழுங்காகத்தான் படித்தாள். பிறகு ரொட்டிக்கடைக்காரன் படகுத்துறைக்குப் போனான். 'தயவுசெய்து போய்விடு' என்று ஒரு வரி ஓடியது. வாசிப்பக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"'பசை நக்குற நாயே, எங்க வீட்டுப் பொண்ணு கேக்குதா உனக்கு? இனி இந்தத் தெருவுல பாத்தேன், ரெண்டு கையையும் ஒடிச்சிருவேன். அப்புறம் எதை வச்சுப் புஸ்தகம் ஒட்டுறேன்னு பாக்கறேன்.'"

அண்ணன் நிமிர்ந்தார். "படகுக்காரன் எதுக்குப் புஸ்தகம் ஒட்டறான்?"

"அப்படித்தாண்ணா போட்டிருக்கு."

திரையில் தங்கைக்காரி கடற்கரையில் தனியாக நடந்தாள், எழுத்தே இல்லை. வாசிப்பக்கா விடாமல் படித்தாள்: "'உன் கல்யாணத்துக்கு நான் வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட்டேன். என் கல்யாணம் எங்கண்ணா?'"

"டிவிய நிறுத்து பாப்பா."

"இன்னும் அரை மணி இருக்கு. நல்ல படம்ணா."

அண்ணனின் கை சோபாவின் கைப்பிடியைத் தேடிப் பிடித்தது. பாவமாக இருந்ததா என்றால், இல்லை. முப்பது வருஷப் பசிக்கு அப்போதுதான் அவளுக்கு வயிறு நிறைய ஆரம்பித்தது.

கடைசிக் காட்சியில் படத்து அண்ணனும் தங்கையும் நரைத்திருந்தார்கள். அவன் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். நம்மவர் கட்டுப் போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"அவ... அந்த அண்ணனை மன்னிச்சிட்டாளா?"

திரையில் அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் சத்தமில்லாமல் அழுதான். அத்தனை அழகான காட்சி. வாசிப்பக்காவுக்கே கண் நிறைந்துவிட்டது.

"இல்லண்ணா," என்றாள். "கதவைச் சாத்திட்டு உள்ள போயிட்டா."

"அவன்?"

"தெருவுல தனியா நிக்கிறான்."