இடது பக்கத்துச் சத்தம்

போன மாதம் என் அக்கா வீட்டுக்காரர் சந்தாபுராவில் புதுக் கார் எடுத்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்து முடித்த கையோடு என்னை ஓரமாக அழைத்துப்போய், “பாப்பா, டிடிங் டிடிங்னு ஒன்னு கத்திக்கிட்டே இருக்குதே, இந்தச் சனியன எப்படி ஆஃப் பண்றது?” என்று கேட்டார். அந்த மாதிரிச் சத்தங்களுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு என்பது அவருக்குத் தெரியும். காருக்குள் ஒரு சின்னக் கேமரா, ஓட்டுகிறவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற கேமராக்கள் சாலையைப் பார்க்கும். அவர் கவனிக்காத பக்கத்திலிருந்து ஏதாவது நெருங்கினால் சத்தம் வரும். “ஓட்டறது நானா அதுவா, நீயே சொல்லு” என்றார் மாமா. ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம் என்று அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். தெரு முனையில் ஒரு ஸ்கூட்டி எட்டிப் பார்த்ததும் டிடிங் என்றது. எனக்கு ஒரு பச்சைக் காரும் அதை ஓட்டிய மேடமும் நினைவுக்கு வந்தார்கள்.

பொம்மனஹள்ளியில் எங்கள் ஆபீஸ். முதலாளியைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அங்கே ஒரு விதி. அந்த விதி இந்த மேடம் ஒருவரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. விவேக் நகரில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், எங்கள் குழுவின் தலைவி. எல்லோருக்கும் அவர் மேடம். அவர் வைத்திருந்தது இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையை ஒட்டிய, கியர் போட்டு ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார். மூன்றாம் கையாக வாங்கியது. அதில் ஏறுவது என்று சொல்வதே தப்பு. பாதி தூரம் குனிந்து, மீதி தூரம் விழுந்துதான் உட்கார வேண்டும். பறப்பதற்கென்றே செய்த அந்த வண்டி சில்க் போர்டு சந்திப்பில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். இந்த ஊரில் இது எதற்கு மேடம் என்று கேட்டேன். “பீரோல பட்டுப்புடவை வெச்சிருக்கே இல்ல? தினமுமா கட்டிக்கினு போறே?” என்றார்.

எனக்கு அப்போது லைசென்ஸ்கூடக் கிடையாது. இன்றும் கிடையாது. கார் வளைவில் எப்படித் திரும்ப வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியதில்லை. இதை நான் வெட்கமில்லாமல் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓட்டுவது ஒரு கூலி வேலை, அதை இயந்திரத்திடம் தள்ளிவிட்டால் மனுஷர்கள் பின்சீட்டில் தூங்கலாம், இன்னும் ஐந்தே வருஷம் என்பது என் கட்சி. மேடம் எதிர்க்கட்சி. “ஸ்டியரிங்க எடுத்துட்டா அதுக்குப் பேரு கார் இல்லப்பா. படுக்க வெச்ச லிஃப்ட்” என்பார். தோசை சுடுவதும் வேலைதான், அதற்காகச் சுடுகிறவளுக்கு அதில் சந்தோஷமில்லை என்று யார் சொன்னது என்பார். பேசிப் பேசி இருவரும் ஒரு கேள்வியில் போய் முட்டிக்கொள்வோம். எல்லாக் காரும் தானே ஓட ஆரம்பித்தால் இந்தப் பச்சைக் கார் எங்கே போகும்? ஏரியில் குதித்து நீந்தியவர்கள் இருந்த இந்த ஊரில் இப்போது சந்தா கட்டி நீச்சல் குளத்துக்குப் போகிறோம். அதுபோல ஊருக்கு வெளியே மதில் கட்டி, காசு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்ட விடுவார்களோ என்று நான் கேட்டேன். மேடம் சிரிக்கவில்லை. “இருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

கண்ணைப் பார்க்கும் அந்தக் கேமராவை முதன்முதலில் சோதிக்க ஆபீஸ் வண்டிகள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு குழுவும் வரிசையில் நின்றது. மேடம் தன் காரிலேயே மாட்டச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்புவோம். அவர் ஓட்ட, இடது சீட்டில் மடியில் லேப்டாப்போடு நான். பொம்மனஹள்ளி தாண்டி, சந்தாபுரா தாண்டி, ஆனேக்கல் பக்கம் திரும்பினால் சாலை காலியாக இருக்கும். அங்கே ஒரு கடையில் தட்டு அகலத்துக்குத் தட்டே இட்லி. பிறகு ஏழரை மணிப் பூசைக்கு அவரை மாதா கோயில் வாசலில் சேர்த்தாக வேண்டும், அதாவது அவரே சேர்ந்துகொள்வார், நான் அங்கிருந்து ஆட்டோ பிடிப்பேன். ஓட்டும்போது அவர் பேசமாட்டார். நானோ திரையைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன்.

சில வாரங்களில் சத்தம் அதிகமாயிற்று, அதுவும் இடது பக்கத்தில் மட்டும். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு பைக் நுழைந்தால் டிடிங். ஆட்டோ வந்தால் டிடிங். மேடத்தின் கண் அங்கே போகவே இல்லை என்றது பதிவு. திங்கட்கிழமை தோறும் நாங்கள் அந்த வாரத்துச் சத்தங்களை எல்லாம் இரண்டாகப் பிரிப்போம். ஒன்று நிஜம், இன்னொன்று வெட்டி. வெட்டியைக் குறைத்தால் பாராட்டு. மேடத்தின் சத்தங்கள் அத்தனையையும் நான் யோசிக்காமல் வெட்டியில் போட்டேன். ஆபீஸில் அவரைவிட நன்றாக ஓட்டுகிறவர் யாருமில்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு பைக் வந்துவிடுமா? தப்பு இயந்திரத்தில்தான் இருக்க வேண்டும். முதலில் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை கேமராவுக்குக் குறுக்கே ஆடுகிறது என்று கண்டுபிடித்தேன். அவர் மனசில்லாமல் அதைக் கழற்றி முன்பெட்டிக்குள் வைத்தார். சத்தம் குறையவில்லை. பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியின் பளபளப்பு மேல் பழி போட்டேன். அதுவும் இல்லை என்றானதும், எத்தனை நேரம் பொறுத்துக் கத்த வேண்டும் என்கிற எண்ணை, இடது பக்கத்துக்கு மட்டும், சத்தமில்லாமல் கூட்டி வைத்தேன். அடுத்த ஞாயிறு கார் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மேடத்தின் முகத்தில் அன்று அப்படி ஒரு தெளிச்சி. அடுத்த நாள் எனக்கு ஒரு டப்பா நிறைய அச்சு முறுக்கு கொண்டுவந்தார். என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து எல்லாவற்றையும் நானே தின்றேன்.

மூன்றாவது ஞாயிறு ஆனேக்கல் சாலையில் இடது பக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் வந்தது. பின்னால் கீரைக்கட்டு மூட்டை. எனக்குத் தெரிந்தது ஒரு தட்டுச் சத்தமும், முன்கண்ணாடியில் வந்து ஒட்டிய கீரையும்தான். நல்லவேளை, வேகம் குறைவு. மொபெட்காரருக்கு முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது, கை பிசகியது. சாலையில் உட்கார்ந்தபடியே, “கண் காண்சல்வா மேடம்?” என்று கன்னடத்தில் கத்தினார். கண் தெரியவில்லையா என்று இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் தினமும் கேட்கிற கேள்வி. மேடம் இறங்கிப் போனார். சிதறிய கட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூட்டை கட்டினார். அவரை ஆட்டோவில் ஏற்றி, கிளினிக்குக்குக் கூட்டிப்போய், கட்டுப் போட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்று பூசைக்குப் போகவில்லை. வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எங்கேர்ந்து வந்தான்னே தெரியலப்பா. சத்தமும் வரலியே” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டதும் நான் கூட்டி வைத்த எண் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை பதிவை எடுத்துப் பழைய எண்ணை வைத்து ஓட்டிப் பார்த்தேன். மொபெட் மோதுவதற்கு இரண்டு வினாடி முன்பே கத்தியிருக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடம் அறைக்குப் போய், செய்ததை எல்லாம் சொல்லி அழுதேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். “எத்தினி நாளா மாத்தி வெச்சிருக்கே?” என்று மட்டும் கேட்டார். மூன்று வாரம் என்றேன். பிறகு சொன்னார். சில மாதங்களாகவே இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டிருந்ததாம், இடது பக்கம் வைத்த டீ டம்ளரைத் தட்டிவிடுவாராம். “உன் மெஷின் கத்த ஆரம்பிச்சதும் பயந்துட்டேன்ப்பா. கண்ணுலதான் ஏதோன்னு தோணிச்சு. டாக்டர்கிட்ட நாள்கூட வாங்கிட்டேன். அப்பாலே சத்தம் நின்னு போச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சு வேணாம்னுட்டேன்.”

அந்த அச்சு முறுக்கு எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பார்வை திரும்பிவிட்டது என்று அவர் கொண்டாடியிருக்கிறார். நான் திரும்பக் கொடுத்தது பார்வையை அல்ல, பார்வை இருப்பதாக ஒரு நம்பிக்கையை. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

கண்ணில் அழுத்தம் ஏறிப் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது, இடது பக்கம் நிறையவே போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். கார் ஓட்டக் கூடாது. அன்றே மேடம் நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் எதுவும் மோசமாகவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். அது டாக்டர் சொன்னதா அவராகவே சொன்னதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலையில் ஆபீஸ் வேனிலிருந்து அவர் படியைப் பார்த்துப் பார்த்து இறங்குவதை மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். அடுத்த கூட்டத்தில் யாரோ ஸ்டியரிங் இல்லாத கார் பற்றிப் பேச்செடுத்தபோது எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். இனி அவர் எங்கள் கட்சிக்கு வந்துதானே ஆக வேண்டும்? அவர் என்னைப் பார்த்து, “எத்தினி வருஷம்ப்பா ஆகும்?” என்று கேட்டார். ஐந்து வருஷம் என்று நூறு தடவை சொல்லியிருந்தேன். உண்மையாக ஒருவர் காத்திருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. “தெரியாது மேடம்” என்றேன்.

“இப்பத்தான் நிஜம் சொல்றே” என்று சிரித்தார். “வந்தா அந்த லிஃப்ட்ல ஏறிக்கிறேன், வேற வழி? ஆனா நான் கேக்கறது அது இல்ல. எனக்குத் தெரியாததை அது சொல்லட்டும். ஓட்டறது நான் ஓட்டிக்கிறேன். அப்படி ஒன்னு ஆகுமா ஆகாதா?” இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு கட்சிக்கும் தோன்றாத கேள்வி அது. ஒன்று கை இருக்க வேண்டும், இல்லை இயந்திரம் இருக்க வேண்டும் என்றே சண்டை போட்டிருந்தோம். எனக்கு அந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க, மேடத்தையே ஓட்டவிட அனுமதி வாங்க எட்டு மாதம் ஆயிற்று. ஆனேக்கலுக்கு அப்பால் எங்கள் ஆபீஸ் வாடகைக்கு எடுக்கும் சோதனை மைதானம், சுற்றிலும் மதில். நான் விளையாட்டாகச் சொன்ன அதே மதில்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி பச்சைக் காரின் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் மாட்டினோம். அதன் மேல் கால் வைத்து உட்கார வேண்டியவள் நான். ஓட்டவே தெரியாதவளின் கால். இடது பக்கத்திலிருந்து சக்கரம் வைத்த பொம்மைகளைக் கயிறு கட்டி இழுத்துவிட ஆள் நின்றார்கள். எண்ணைப் பழையபடி வைத்திருந்தேன். மேடம் குனிந்து, விழுந்து, உட்கார்ந்து, சாவியைத் திருகினார். முதல் தடவையாக நான் திரையை மூடி வைத்துவிட்டு அவர் ஓட்டுவதைப் பார்த்தேன். கியர் மாற்றும்போது அவர் உதடு லேசாக அசைந்தது. வளைவுக்கு முன்பே தோள் அந்தப் பக்கம் சாய ஆயத்தமாயிற்று. கார் போவதற்கு முன் அவர் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். கூலி வேலை என்று நான் சொல்லித் திரிந்தது இதைத்தானா என்று இருந்தது.

டிடிங் என்றதும் அவர் தலை சட்டென்று இடது பக்கம் திரும்பியது. பொம்மையைப் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், விலகினார். “இன்னாது அது?” என்றார். “பொம்மை மேடம், சிவப்புச் சட்டை.” ஒவ்வொரு தடவையும் கேட்டார், நான் சொன்னேன். ஐந்தாவது சுற்றில் நானாகப் பயந்து பிரேக்கை அழுத்திவிட்டேன், கார் துள்ளி நின்றது, எதிரே எதுவுமே இல்லை. “ஏய், காலை எடு! சத்தம் போடு, ஆனா நிறுத்தாதே!” என்று அலறினார். பிறகு இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இருபது சுற்றிலும் என் கால் தேவைப்படவில்லை. முடிந்ததும் எஞ்சினை அணைத்து, முன்பெட்டியைத் திறந்து, ஜெபமாலையை எடுத்து மறுபடி கண்ணாடியில் மாட்டினார். பிறகு இறங்கி, ஆபீஸ் வேனில் ஏறி விவேக் நகர் போனார்.

அந்த ஒரு நாளை வைத்துச் சாலையில் யாரையும் விட முடியாது. விடக் கூடாது என்று அறிக்கையில் எழுதியவளே நான்தான். மேடம் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். பச்சைக் கார் அவர் வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால், “எத்தினி வருஷம்?” என்று இப்போதும் கேட்கிறார். “தெரியாது மேடம்” என்று நானும் சொல்கிறேன். திங்கட்கிழமைப் பட்டியலில் மட்டும் நிஜம், வெட்டி இரண்டோடு தெரியாது என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அதில் இருப்பவற்றை நான் முதலில் படிக்கிறேன்.

“என்ன பாப்பா, தெரியுமா தெரியாதா ஆஃப் பண்ண?” என்றார் மாமா. ஸ்கூட்டி எங்களைக் கடந்து போய்விட்டிருந்தது.

“தெரியும் மாமா. ஒருதடவை பண்ணிப் பார்த்திருக்கேன்” என்றேன். “அது இருக்கட்டும், எந்தப் பக்கம் வந்தா ரொம்பக் கத்துது?”

அவர் இடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். இதை அவர் யோசித்ததே இல்லை. அடுத்த தெரு முனை வரும்வரை இருவரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.